கேக்குக்கும் அம்மாவுக்கும் ஒரு வேன்

எங்கள் வீட்டுக் கேக்குகள் ஆட்டோவில்தான் கல்யாணத்துக்குப் போகும். பின்சீட்டின் ஒரு ஓரத்தில் அப்பா, மறு ஓரத்தில் நான், எங்கள் இருவர் மடியிலும் குறுக்காக ஒரு பலகை, பலகையின் மேல் மூன்றடுக்குக் கேக். முத்தியால்பேட்டையில் ஏறி லாஸ்பேட்டையில் இறங்குகிறவரை மூச்சைக்கூட அளந்துதான் விடுவேன். ஆட்டோக்காரர் எங்களுக்குப் பழக்கமானவர். வேகத்தடை வருவதற்கு முன்னால் திரும்பிப் பார்க்காமலே, "மேடு வருது, கேக்க புடிச்சிக்கோங்க, நீங்க விழுந்தா பரவாயில்ல" என்பார்.

அப்பா பல வருஷம் ஒரு மில்லில் ஆபீஸ் வேன் ஓட்டியவர். அந்த வேலை போனபிறகு அம்மாவின் கேக்தான் எங்களுக்குத் தொழில். அம்மா கல்யாணத்துக்கு முன் கான்வென்ட் சிஸ்டர்கள் நடத்திய சமையல் வகுப்பில் கற்றுக்கொண்டது அது. பிறந்தநாள், சர்ச்சில் பிள்ளைகளுக்குப் புதுநன்மை, கல்யாண ரிசப்ஷன் என்று வாரத்துக்கு நாலைந்து ஆர்டர் வரும். அம்மா செய்வார், அப்பாவும் நானும் கொண்டுபோவோம். அம்மாவுக்குத் தோள்பட்டை வலி, கனமாகத் தூக்க முடியாது. அதனால் பலகையின் மறுமுனை எப்போதும் என் கையில்தான். காலாப்பட்டில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் பல்கலைக்கழக பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேராகக் கேக் தூக்கப் போவேன்.

இத்தனை வருஷத்தில் அம்மா தான் செய்த ஒரு கல்யாணக் கேக்கைக்கூட மண்டபத்தில் நின்று பார்த்ததில்லை. ஆட்டோவில் இடமில்லை என்பது பாதிதான். தனியாகப் பஸ்ஸில் வந்திருக்கலாம். ஆனால் பத்திரிகை வைக்காத கல்யாணத்துக்குள் எப்படி நுழைவது என்பார். அப்பாவும் நானும் போவது வேலை. கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். கேக் செய்தவள் என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண் புடவை கட்டிக்கொண்டு போய் நின்றால் அது சாப்பாட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். அவர் சொன்ன காரணம் இதுதான். நாங்கள் திரும்பி வந்ததும் கதவருகிலேயே நிற்க வைத்துக் கேட்பார்: எங்கே வைத்தார்கள், மேலே விளக்கு இருந்ததா, யாராவது பார்த்தார்களா. நான் அவசரமாகப் பதில் சொல்வேன், எனக்குப் பசிக்கும். அவர் அந்த அரைகுறைப் பதிலை வைத்துக்கொண்டு அடுத்த கேக்குக்கு மாவு சலிப்பார்.

ஒரு சனிக்கிழமை, கருவடிக்குப்பம் அருகே ஒரு நாய் குறுக்கே ஓட, ஆட்டோ சட்டென்று நின்றது. மேலடுக்கு வழுக்கி என் துப்பட்டாமேல் சாய்ந்தது. மண்டபத்தின் பின்பக்கம் வாஷ்பேசின் பக்கத்தில் வைத்து, ஒரு வெண்ணெய்க் கத்தியால் நான் அதைச் சரிசெய்தேன். சரிசெய்தேன் என்பது நான் சொல்வது. பெண்ணின் அத்தை ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "இந்தப் பக்கத்த செவுத்தோரமா திருப்பி வைங்க" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அப்பா சட்டையைக் கழற்றாமலே சொன்னார்: "வண்டி வாங்கிடலாம்."

அந்த வார்த்தைக்காகவே நான் காத்திருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குச் சின்ன வயசிலிருந்தே வண்டிப் பைத்தியம். மற்றவர்கள் பிரவுசிங் சென்டரில் மெயில் பார்க்கிற நேரத்தில் நான் வண்டிகளின் திருப்பு வட்டம், தரை உயரம், பெட்ரோலுக்கு எவ்வளவு ஓடும் என்று பார்த்துக் குறித்துக்கொண்டு வருவேன். மறுநாளே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, கோடு போட்டு, வேலைக்கு ஒரு கட்டம், குடும்பத்துக்கு ஒரு கட்டம் என்று பிரித்தேன். வேலைக்கட்டத்தில் முதல் வரி: பலகை இருபத்தைந்து அங்குலம், சதுரம், சாய்க்கக் கூடாது. குடும்பக்கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல், நாலு பேர் என்று எழுதினேன். நான், அப்பா, அம்மா, ஸ்கூலில் படிக்கும் என் தங்கை.

அப்பாவின் யோசனை வேறு. பெட்டி கட்டிய மூன்று சக்கர லோடு ஆட்டோ. "கேக்கு போவுது, வருது. அதுக்கு எதுக்குப் பெரிய வண்டி? நாம இன்னா டூரா போறோம்?"

"லோடு ஆட்டோ ஆடும்ப்பா. சஸ்பென்ஷன்..."

"மில்லு வண்டிய பதினாலு வருஷம் ஓட்டுனவன் நானு. நீ எனக்கு சஸ்பென்ஷன் சொல்றியா?"

அம்மா முட்டை உடைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "அதுல நான் எங்க உக்கார்றது?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அம்மா அடுத்த முட்டையை உடைத்தார். அன்று இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் புதிதாக ஒரு வரி எழுதினேன்: கேக் உள்ளே இருக்கும்போதே அம்மாவுக்கு ஒரு சீட். முன்னால் இரண்டு சீட், ஓட்டுகிற அப்பாவுக்கும் தூக்குகிற எனக்கும் போய்விடும். அப்படியானால் பின்னால் ஒரு சீட் வேண்டும். அதற்கும் முன்சீட்டுக்கும் நடுவே பலகை தரையில் படுக்க இடம் வேண்டும். நோட்டிலிருந்த பாதி வண்டிகள் இந்த ஒரே வரியில் அடிபட்டுப் போயின.

ஷோரூம்களுக்கு அப்பாவை இழுத்துக்கொண்டு அலைந்தேன். ஒரு இடத்தில் ஏழு பேர் உட்காரலாம் என்று ஒரு வேனைக் காட்டினார்கள். நான் டேப்பை எடுத்து சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவே அளக்க ஆரம்பித்ததும், விற்பனை செய்யும் தம்பி அப்பாவிடம் மெதுவாகக் கேட்டான்: "சார், பாப்பா டெய்லரிங் படிக்குதா?"

"இல்ல தம்பி, கணக்கு. ஆனா எல்லாத்துக்கும் அளவெடுக்கும். மாப்பிள பாத்தாலும் டேப்போடதான் வரும்."

புது வண்டி எதுவும் ஒத்துவரவில்லை. பெரியது என்றால் எங்கள் தெருவில் திரும்பாது, சின்னது என்றால் அம்மாவுக்கு இடமில்லை. மூன்றாவது வாரம், நான் நோட்ஸ் ஜெராக்ஸ் எடுக்கிற கடையின் சுவரில் ஒரு காகிதம் பார்த்தேன். பழைய சின்ன வேன் ஒன்று விற்பனைக்கு, பக்கக் கதவு இழுத்துத் திறப்பது, நடுசீட் எடுத்துவிட்டது, பின்சீட் உண்டு. படித்து முடிப்பதற்குள் பக்கத்து பூத்திலிருந்து போன் பண்ணிவிட்டேன்.

குருசுக்குப்பத்தில் ஒரு மதாம். பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம். பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்து நாளில் பாரீசுக்கு மகளிடம் போகிறார். போனிலேயே நான் கேட்ட கேள்விகளைத் தாங்கமுடியாமல், "அலோர், சரி, எல்லாத்தையும் எழுதி வைக்கிறேன், வந்து வாங்கிக்கோ மத்மசேல்" என்றார். எழுதியும் வைத்திருந்தார். கட்டம் போட்ட தாளில், நீலமையில், தரை நீளம், உயரம், கதவுத் திறப்பு, சீட்டின் அகலம், சீட்டின் உயரம், எல்லாம் சென்டிமீட்டரில், வரிசையாக. ஒரு டீச்சரின் கையெழுத்து. எனக்கு அந்தத் தாளைப் பார்த்ததுமே வண்டி பிடித்துவிட்டது.

நோட்டில் கணக்குப் போட்டேன். பலகை இருபத்தைந்து அங்குலம் என்றால் அறுபத்து மூன்றரை சென்டிமீட்டர். கதவுத் திறப்பு அறுபத்தேழு. இரண்டு பக்கமும் விரல் நுழைகிற இடம். தரை நீளம் தாராளம். பின்சீட்டில் மூன்று பேர். அம்மாவுக்கு ஒன்று என்ன, தங்கைக்கும் சேர்த்தே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். மதாம் வீட்டு முற்றத்தில் வெள்ளை வேன் நின்றது. அப்பா வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். முன்சீட்டைத் தூக்கி அடியிலிருந்த இஞ்சினைப் பார்த்தார். ஸ்டார்ட் பண்ணி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் கேட்டார். பிறகு கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார்.

"நல்லா வச்சிருக்காங்க" என்றார். அவரிடமிருந்து அது பெரிய வார்த்தை. பிறகு என்னிடம், "வண்டிய நான் பாத்துட்டேன். அளவு நீ பாத்தியா?"

"பாத்துட்டேன்ப்பா."

தாளில் பார்த்தேன் என்று நான் சொல்லவில்லை. என் பையில் டேப் இருந்தது. அன்று காலை முழுக்க அது பையிலேயே இருந்தது. நான் டயரைப் பார்த்தேன், துருவைப் பார்த்தேன், சைடு கண்ணாடியை மடக்கி மடக்கிப் பார்த்தேன். எழுதி வந்திருந்த ஒரு எண்ணை மறுபடி அளப்பது எனக்குத் தோன்றவே இல்லை.

புதன்கிழமை வேன் வீட்டுக்கு வந்தது. தெருவே வந்து எட்டிப் பார்த்தது. அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, இறங்கி, மறுபடி ஏறி உட்கார்ந்தார். "ஜன்னல் தெறக்குது" என்றார்.

"வெறும் பலகைய ஒரு தரம் வச்சிப் பாத்துடலாம்" என்றார் அப்பா.

கதவை இழுத்தோம். நானும் அவரும் பலகையைத் தூக்கிக்கொண்டு போனோம். பலகையின் ஒரு ஓரம் கதவுச் சட்டத்தில் டக்கென்று இடித்தது. இந்தப் பக்கம் நகர்த்தினோம், அந்தப் பக்கம் இடித்தது. கதவை இன்னும் இழுத்துப் பார்த்தோம், அது அதற்குமேல் போகாது. நான் அப்போதுதான் டேப்பை எடுத்தேன். அறுபத்தொன்று. சரியாக ஒரு அங்குலம் குறைவு.

"சாச்சி உட்டா போவும்" என்றாள் தங்கை.

"கேக்கோட சாச்சிப் பாரு, இன்னா போவுதுன்னு தெரியும்" என்றார் அப்பா. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பலகையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, வேனின் பின்பக்கம் போய்ப் பின்கதவைத் தூக்கினார். அது அகலமானது. ஆனால் குறுக்கே பின்சீட்.

"இத கழட்டிட்டா பின்பக்கமா போவும். இல்லன்னா வண்டிய திருப்பிக் குடுத்துட்டு லோடு ஆட்டோவே பாத்துடலாம்."

"நான் தரையில உக்காந்துக்கிறேன்ப்பா. அம்மா முன்னால உக்காரட்டும்."

"ஒரு மேடு ஏறுனா நீயே கேக்கு மேல உக்காந்துருப்ப."

அம்மா பின்சீட்டிலிருந்து இறங்கினார். அவருடைய கேள்விக்கு இதுதான் பதில் என்பது போல உள்ளே போனார்.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு மதாம் வீட்டுக்குப் போனேன். போகும்போது எனக்குள் ஒரு வக்கீல் வாதாடிக்கொண்டே வந்தார். தப்பாக எழுதிக் கொடுத்தது அவர்கள், நாம் ஏன் கஷ்டப்பட வேண்டும்? மதாம் வாசலில் பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். தாளை நீட்டினேன்.

"மதாம், கதவு அறுபத்தேழுன்னு எழுதியிருக்கீங்க. அறுபத்தொன்னுதான் இருக்கு."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அறுபத்தொன்னுதானே எழுதியிருக்கேன்."

"ஏழு மதாம் அது."

"ஏழா? நான் ஏழுக்குக் குறுக்கே கோடு போடுவேனே, பாப்பா." விரலை இரண்டு வரி கீழே நகர்த்தினார். சீட்டின் உயரம் முப்பத்தேழு. அந்த ஏழின் இடுப்பில் ஒரு சின்னக் குறுக்குக்கோடு. மேலே கதவுத் திறப்பில் இருந்ததற்கு அந்தக் குறுக்குக்கோடு இல்லை. உச்சியிலிருந்து இடப்பக்கமாகச் சாய்ந்து இறங்கும் நீளமான ஒரு கொக்கி, பிறகு நேராக ஒரு கோடு. பிரெஞ்சுக்காரர்கள் ஒன்று எழுதுவது அப்படித்தான். நம் கண்ணுக்கு ஏழு.

எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஸ்கூலில் மார்க்குக்காகத் தமிழை விட்டுவிட்டுப் பிரெஞ்சை எடுத்துப் படித்தவள் நான். எங்கள் பிரெஞ்சு டீச்சர் போர்டில் இதே ஒன்றைத்தான் எழுதுவார். ஏழுக்குக் கோடு போடாவிட்டால் அரை மார்க் குறைப்பார். அந்தத் தாளில் வேறு எங்கும் ஒன்று இல்லை. இருந்திருந்தால் பிடித்திருப்பேன் என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன். ஆனால் உண்மை, எனக்கு அறுபத்தேழு வேண்டியிருந்தது. அதனால் அறுபத்தேழைப் படித்தேன்.

மதாம் சிரித்தார். "இந்தத் தெருவுல இருக்கிற பாதிப் பேரு எங்க ஒன்ன ஏழுன்னுதான் படிப்பாங்க. பாரீசுலேந்து வர்ற என் லெட்டர எல்லாம் தபால்காரர் ஒன்னாம் நம்பருக்குப் பதிலா ஏழாம் நம்பர் வீட்டுலதான் போடுவாரு." பிறகு கயிற்றை விட்டுவிட்டு, "வேணாம்னா திருப்பிக் குடுத்துடு. என் தங்கச்சி புள்ள கேட்டுக்கிட்டேதான் இருக்கான். ஆனா நாளைக்குக் காலையில சொல்லிடணும். அப்புறம் நான் பெட்டிதான் கட்டுவேன், வண்டி விக்க மாட்டேன்" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது வக்கீல் இறங்கிப் போய்விட்டிருந்தார். அடுப்படியில் அம்மாவும் அப்பாவும் இருந்தார்கள். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். ஏழுக்குக் கோடு இல்லை, ஞாயிற்றுக்கிழமை டேப் பையில்தான் இருந்தது, அளவு பார்த்தேன் என்று சொன்னது தாளில் பார்த்ததை.

அப்பா தாளை வாங்கிப் பார்த்தார். "நம்ம வீட்டுலயே பிரெஞ்சு படிச்சது நீ ஒருத்திதான்" என்றார். அதற்குமேல் திட்டவில்லை. "சரி, காலையில போயி குடுத்துட்டு வந்துடலாம்."

"எதுக்கு?" என்றார் அம்மா.

"பலகை போவலையே."

"பலகை போவலன்னா சின்னப் பலகையில போவட்டும். மூணு அடுக்கையும் தனித்தனியா மூணு பலகையில வைக்கிறேன். அங்க போயி அடுக்கிக்கலாம்."

"அங்க யாரு அடுக்குவா? இவளா? போன தரம் கத்தி புடிச்ச அழகு பாத்தோமே."

"நான் வந்து அடுக்குறேன்."

அம்மா இதைச் சொல்லும்போது எங்களைப் பார்க்கவில்லை. அலமாரியிலிருந்து பழைய சின்னப் பலகைகளை எடுத்து, தூசியை ஊதிக்கொண்டிருந்தார். வீட்டிலேயே அடுக்கி, வீட்டிலேயே பூ வைத்து, முழுசாக அனுப்பியதெல்லாம் அவர் மண்டபத்துக்கு வராததால்தான். ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இணைப்பு தெரியாமல் க்ரீமால் மூடுவது அவர் ஒருவருக்குத்தான் வரும். வேலை அங்கே இருக்கிறது என்றால் அவர் அங்கே போகத்தான் வேண்டும். பத்திரிகை தேவையில்லை.

அப்பாவுக்கு அது புரிய எனக்கு ஆனதைவிடக் குறைவான நேரமே ஆனது என்று நினைக்கிறேன். "அடுக்குறதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்?" என்று மட்டும் கேட்டார்.

"முக்கா மணி நேரம். அவசரப்படுத்துனா ஒரு மணி நேரம்."

மறுநாள் காலை மதாமுக்குப் போன் பண்ணி, வண்டி எங்களிடமே இருக்கட்டும் என்றேன். "வுவாலா, அவ்ளோதான்" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை லாஸ்பேட்டையில் ஒரு ரிசப்ஷன். அப்பா ஓட்ட, நான் பக்கத்தில். நடுவில் தரையில் ஈரத்துணி விரித்து மூன்று பலகைகள். பின்சீட்டில் அம்மாவும் தங்கையும். அம்மாவின் மடியில் க்ரீம் பைகளும் பூப்போடும் நுனிக்குழாய்களும் வைத்த எவர்சில்வர் டப்பா. ஒவ்வொரு வேகத்தடைக்கும் "மெதுவா, மெதுவா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "பதினாலு வருஷம்..." என்று அப்பா ஆரம்பித்து, ரியர்வியூ கண்ணாடியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மண்டபத்தில் ஒருவர் அம்மாவை நிறுத்தி, "நீங்க பொண்ணு வூடா, மாப்பிள்ள வூடா?" என்று கேட்டார்.

"கேக்கு வூடு" என்றார் அம்மா. கேட்டவர் வழிவிட்டார்.

முதலில் அம்மா மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். மேசையை ஜன்னலிலிருந்து தள்ளிப்போடச் சொன்னார். மேசைவிரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தது, அதை எடுக்காமல் அடியடுக்கை வைக்கவிடவில்லை. தூக்கி வைத்ததெல்லாம் அப்பாவும் நானும்தான். ஆனால் அந்த ஹாலில் அன்று நாங்கள் இரண்டு பேரும் அவருடைய ஆட்கள். அடுக்கி முடித்து, குனிந்து, க்ரீம் பையை அழுத்தி இணைப்புகளைச் சுற்றி அவர் சரம் ஓட்டியபோது நாலைந்து சின்னப் பிள்ளைகள் மேசையில் மோவாயை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றன. கையை நீட்டிய ஒன்றின் கையில் மட்டும் லேசாகத் தட்டினார்.

வேலை முடிந்ததும் காலிப் பலகைகளை எடுத்துக்கொண்டு அப்பாவும் தங்கையும் வேனுக்குப் போனார்கள். வழக்கமாக நாங்கள் அத்தோடு கிளம்பிவிடுவோம். ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட நான் உள்ளே போனேன். கடைசி வரிசையில், சுவரோரம் இருந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் அப்போதுதான் வந்து நின்றார்கள்.

"அப்பா வெயிட் பண்றாரும்மா."

"பண்ணட்டும்" என்றார், மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் வெட்டல."

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.